தாய்மாமன் மொய்

2017 மே 21 — ரூ. 50,001
2018 நவம்பர் 4 — ரூ. 1,500
2019 டிசம்பர் 17 — ரூ. 640
2020 மார்ச் 12 — ரூ. 20,000
2024 மே 26 — ரூ. 50,001

முதல் நான்கும் மம்சாபுரம் பாலம்மாள் வீட்டுக்கு அவள் மகள் கார்த்திகாவின் பெயரால் வந்த பணம். ஐந்தாவது, அந்த வீட்டிலிருந்து போன பணம். ஏழு வருடத்தில் அந்தப் பெண்ணை முன்வைத்து நடந்த வரவு செலவு இவ்வளவுதான். இதில் எது கூலி, எது விலை, எது கடன், எது அன்பளிப்பு என்று பிரித்துச் சொல்ல ஒரு வழக்கு ஏறக்குறைய நான்கு வருடம் நடந்தது. பிரித்துச் சொன்ன விதத்தைக் கேட்டால் வயிறு எரியும்.

பாலம்மாளின் புருஷன் தங்கப்பாண்டியன் தென்னை மரம் ஏறுகிறவன். தேவதானம் பக்கம் ஒரு தோப்பில் மட்டை பிய்த்துக்கொண்டு விழுந்து, மதுரை ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து, 2014-இல் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவள் ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். தறியிலிருந்து இறங்கும் வெள்ளைத் துணியில் அறுந்த இழை பார்த்து, வெட்டி, மடித்து, கட்டுப் போடும் வேலை. கூலி குறைவு. ஆனால் ரோஷம் அதிகம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சீனி வாங்கினால் கோபுரமாகக் குவித்துத்தான் திருப்பிக் கொடுப்பாள். யாரும் தன்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டும். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. பெண் பெரியவளானால் ஓலை கொண்டுவந்து குடிசை கட்டவும், சீர் சுமந்து வரவும், பந்தலில் முதல் மொய் எழுதவும் தாய்மாமன் வேண்டும். கார்த்திகா பெரியவளானபோது பாலம்மாளுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் முதலில் வந்தது.

அந்தக் கவலையைக் கேள்விப்பட்டு வந்தவன் சமுத்திரம். அவளுடைய பெரியப்பா மகன். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தான். சொந்தமாக வேன் வைத்திருந்தான். சுற்றுப்பட்டிப் பெண்களைத் தூரத்து மில்களுக்கு வேலைக்கு ஏற்றிவிடுவது அவன் தொழில். ஊரில் அவனை ஏஜென்ட் என்று யாரும் சொல்வதில்லை. ‘மில் அண்ணன்’ என்றுதான் பேர்.

அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

“ஏட்டி பாலு, உனக்கு அண்ணன் இல்லைன்னு எவ சொன்னா? நான் என்ன செத்தா போயிட்டேன்? மாமன் முறையை நான் செய்யுதேன். ஊரு வாயைப் பொளந்து பார்க்கும்படியா செய்யுதேன்.”

“அம்புட்டையும் நான் எப்படிண்ணே திருப்பிச் செய்வேன்?”

“உன்னை எவன் செய்யச் சொன்னான்? பிள்ளை பத்தாவது முடிக்கட்டும். பொறவு மூணு வருசம் மில்லுல இருந்துட்டு வரட்டும். எம் மொய்யும் கழிஞ்சிரும். கடைசியில மொத்தமா ஒரு லட்சம் கொடுப்பாவ. நகையை எடு, கல்யாணத்தைப் பேசு.”

“மில்லு நம்ம ராஜபாளையத்துலயே இருக்கேண்ணே. எதுக்கு அம்புட்டுத் தூரம்?”

“இங்கன வேலை பாத்தா தெனக்கூலி. அது வாயிக்கும் வயித்துக்குமே சரியாப் போயிரும். மொத்தமா எவன் கொடுப்பான்?”

அவன் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. உள்ளூர்ப் பெண் ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவாள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வரமாட்டாள். நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் போட்டுப் பூட்டிய பெண் எங்கே போவாள்? அந்தப் பக்கத்துப் பெண்களை இங்கேயும், இந்தப் பக்கத்துப் பெண்களை அங்கேயும் மாற்றி ஏற்றுவதுதான் அவன் வேனின் சூட்சுமம்.

சடங்கு மம்சாபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சமுத்திரம் கொட்டு மேளத்தோடு சீர்த்தட்டுகளை வரிசையாகச் சுமக்கவைத்து வந்தான். மொய் எழுதுகிற இடத்தில் மைக்கைப் பிடித்திருந்தவர் தொண்டை கட்ட முழங்கினார்: “தாய்மாமன் சமுத்திரம், ஐம்பதாயிரத்து ஒண்ணு!” கூட்டம் இரைந்தது. பந்தியில் இருந்த ஒரு பெரியவர், “அந்த ஒத்த ரூபாயை எங்கிட்டக் கொடுங்கப்பா, சுருட்டு வாங்கிக்கிடுதேன்” என்றார். பக்கத்து வீட்டு மாடத்தி, பாலம்மாளின் இடுப்பில் இடித்தாள்.

“மதினி, இனிமே உன்னைப் பிடிக்க முடியாதே! எனக்கும் இருக்கானுவ மூணு அண்ணன்மாரு, எவர்சில்வர் குடத்தைத் தாண்ட மாட்டானுவ.”

பாலம்மாள் சிரித்தாள். வீடியோக்காரர் அந்தச் சிரிப்பையும் எடுத்தார். சமுத்திரம் கார்த்திகாவின் கழுத்தில் மாலை போடுவதையும், பாலம்மாள் அவன் காலைத் தொடக் குனிவதையும் எடுத்தார். விருந்துச் செலவுக்கும், புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் கட்டக் கைமாற்று வாங்கியதற்கும் அந்தப் பணம் சரியாகப் போயிற்று.

அடுத்த வருடம் ஜூன் மாதம் சமுத்திரத்தின் வேன் வந்தது. கார்த்திகாவுக்குப் பதினைந்து வயது. பத்தாவதில் நல்ல மார்க். பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கப் போனபோது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வேனில் ஏற்கெனவே பத்துப் பெண்கள் இருந்தார்கள். எந்த வீட்டிலும் அழுகை இல்லை. மாமன் வேனில்தானே போகிறார்கள்.

மில் திண்டுக்கல்லைத் தாண்டி எங்கேயோ. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, வார்டனின் போனில் பேசலாம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். “நல்லா இருக்கேம்மா, சாப்பாடு நல்லா இருக்கு” என்பாள் கார்த்திகா. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதே வார்த்தை. வீட்டில் இருந்தவரை, குழம்பில் உப்புக் குறைந்ததற்குக்கூடச் சண்டை பிடிக்காமல் விடாத பிள்ளை. மில்லுக்குப் போன பிறகு ஒரு வாரமும் சண்டை பிடிக்கவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பாலம்மாள் தறிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள்.

தீபாவளிக்கு விடவில்லை. சமுத்திரம் மட்டும் வந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்தான். “வேலை கூடுதலா இருக்கு, அடுத்த வருசம் அனுப்புதோம்னு சொல்லிட்டாவ” என்றான். அடுத்த தீபாவளிக்கு அதுவும் இல்லை.

2019 டிசம்பர் தொடக்கத்தில், அதே மில்லில் இருந்த கூமாப்பட்டிப் பெண் ஒருத்தி நெஞ்சுச் சளி முற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அவள் தன் அம்மாவோடு பஸ் ஏறிப் பாலம்மாளைத் தேடி வந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

“அத்தை, கார்த்திகாவுக்கு வலது கையில ரெண்டு விரல் நுனி போயிருச்சு. மெசின்ல மாட்டிக்கிட்டு. தூக்கம் கலையாமப் போயி நின்னா. ரெண்டு ஷிஃப்டு சேத்துப் பாத்திருந்தா. புரட்டாசி மாசம் நடந்துச்சு. புண்ணு ஆறதுக்குள்ள திரும்பவும் நைட் ஷிஃப்டு போட்டுட்டாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வார்டன் சத்தியம் வாங்கிருக்கு.”

பாலம்மாள் அந்தப் பெண்ணிடம் வழி கேட்டுக்கொண்டு அன்றைக்கே புறப்பட்டு மில் வாசலுக்குப் போனாள். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. “உங்க ஏஜென்டைக் கூட்டிட்டு வாம்மா” என்றான். திரும்பி வந்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, சமுத்திரத்தின் வீட்டு வாசலில் நின்றாள்.

“அண்ணே, எம் பிள்ளையக் கூட்டிட்டு வந்திரு. கை போச்சாமே.”

“கையா போச்சு? நகம் போயிருக்கு. சும்மா கத்தாத.”

“எனக்கு லட்சமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“கூட்டிட்டுப் போ. யாரு வேண்டாங்கா? எம் மொய்யைத் திருப்பிச் செஞ்சிட்டுக் கூட்டிட்டுப் போ. ஆஸ்பத்திரிச் செலவு வேற பதினாறாயிரம் நிக்கு. நான் மில்லுக்காரனுக்கு ஜவாப் சொல்ல வேண்டாமா?”

அவள் அடுப்படியில் தன் காதால் கேட்டுத் தலையாட்டிய ஏற்பாடுதான் அது. அன்றைக்கு அது முறையாகத் தெரிந்தது. வாசலில் நிற்கும்போதுதான், மகளை அடகு வைத்திருக்கிறோம் என்பது உறைத்தது.

தறிக்கூடத்தில் அவள் உட்கார்ந்து துணி மடிக்கும் இடத்துக்கு மேலே, சுவரில் 1098 என்று நம்பர் போட்ட குழந்தைகள் உதவி நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. வருடக்கணக்காக அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். தன் வீட்டுக்கான நம்பர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மறுநாள் காலையில் மேஸ்திரியின் போனை வாங்கி அந்த நம்பரை அழுத்தினாள்.

பிரிஸ்கில்லா என்ற பெண் வந்தாள். மீட்கப்பட்ட தொழிலாளர்களுக்காக வேலை செய்கிறவள். அவள் எழுதிப் போட்ட மனுவும், அலைந்த அலைச்சலும் சேர்ந்து, டிசம்பர் 17 அன்று அதிகாரிகள் மில்லுக்குள் நுழைந்தார்கள். ஒன்றரை வருட உழைப்புக்கு, சாப்பாடு, விடுதி, மருந்து எல்லாம் கழித்ததாகச் சொல்லி, அறுநூற்று நாற்பது ரூபாயை கார்த்திகாவின் இடது கையில் வைத்தார் மானேஜர். ஜீப்பில் ஏறி மில் மதில் மறைந்த பிறகு, கார்த்திகா கூட வந்திருந்த அம்மாவிடம் பேசவில்லை. பிரிஸ்கில்லாவிடம்தான் கேட்டாள்:

“மேடம், இது லீவா? மொய் இன்னும் கழியலையே. எப்பத் திரும்பப் போகணும்?”

கொத்தடிமை முறையிலிருந்து விடுவிக்கப்பட்டாள் என்று சான்று கிடைத்தது. மார்ச்சில் முதல் நிவாரணம் இருபதாயிரம் அவள் பெயரில் பேங்க்கில் விழுந்தது. மீதி இரண்டு லட்சம், வழக்கு முடிந்து தண்டனை ஆனால்தான் வரும் என்று பிரிஸ்கில்லா விளக்கினாள். மில் முதலிலேயே நழுவிக்கொண்டது. கார்த்திகா கையெழுத்துப் போட்ட சம்பள ரசீதுகளைக் கட்டுக் கட்டாகக் காட்டியது. எல்லாம் வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து. வழக்கில் மிஞ்சிய ஒரே எதிரி சமுத்திரம்.

ஊர் அதற்கான தண்டனையைப் பாலம்மாளுக்குக் கொடுத்தது. மாமன் முறை செய்தவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவள் வீட்டுக்கு யாரும் பத்திரிகை வைக்க வரவில்லை. தெருவில் எட்டுக் கல்யாணம், ஆறு சடங்கு நடந்தது. மைக் சத்தம் அவள் வீட்டுக்குள் வந்தது, அழைப்பு வரவில்லை. மாடத்திகூடக் குழாயடியில், “எங்க அண்ணன்மாரு குடம்தான் வச்சாவ. ஆனா நான் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பலை, தாயி” என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

2023 பிப்ரவரி 8 அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலம்மாள் கூண்டில் ஏறினாள். கார்த்திகா முந்தைய வாய்தாவிலேயே சொல்லி முடித்திருந்தாள்: மொய் கழியும்வரை வெளியே விடமாட்டோம் என்று வார்டன் சொன்னது, விரல் போனது, எல்லாம். இனி அம்மா ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பணம், பிள்ளையை அனுப்புவதற்காகக் கொடுத்த முன்பணம். பஸ்ஸில் வரும்போது பிரிஸ்கில்லா திரும்பத் திரும்பச் சொன்னாள். “அடுப்படியில அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்கம்மா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விக்னேஸ்வரன் குரலை உயர்த்தாதவர். லேப்டாப்பில் சடங்கு வீடியோவைப் போட்டார். மைக் முழங்கியது. பாலம்மாள் சிரித்தாள். காலைத் தொடக் குனிந்தாள்.

“இது யாரும்மா?”

“எங்க அண்ணன்.”

“அவர் எழுதினது என்ன?”

“மொய்.”

“அட்வான்ஸ்னு மைக்ல சொன்னாங்களா?”

“இல்லை.”

“அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பொண்ணுக்கு மாலை போட்டது தாய்மாமனா, வட்டிக்காரனா? தாய்மாமன் இல்லைன்னா, உங்க பொண்ணு சடங்குல மாமன் முறை செஞ்சது யாரு? பொண்ணுக்கு விலை கொடுக்க வந்தவனா?”

பின்வரிசையில் மம்சாபுரத்துச் சொந்தம் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில்தான் கார்த்திகாவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். ஆம் என்று சொன்னால், மாமன் இல்லாமல் சடங்கு நடந்த பெண் என்றாகும். மகளை விற்ற காசில் பந்தி போட்டவள் என்றாகும். ஒரு டம்ளர் சீனிக்குக் கோபுரம் கட்டிக் கொடுத்தவள், கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அது எங்க அண்ணன் செஞ்ச முறை.”

“நன்றிம்மா.” விக்னேஸ்வரன் உட்கார்ந்துவிட்டார். அரசுத் தரப்பில் மறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கார்த்திகா வாயைத் திறந்தாள். “உனக்கு ஒரு அண்ணன் வேணும். அதுக்கு எம் விரலு, எம் படிப்பு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்ட. பிரிஸ்கில்லா மேடத்துக்கு இருக்கிற கோவத்துல பாதியாவது உனக்கு இருக்கா?”

மறுநாள் பாலம்மாள் பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டாள். “நான் தப்பாச் சொல்லிட்டேன். திரும்பக் கூண்டுல ஏத்துங்க.”

ஏற்றலாம், மனுப் போட வேண்டும். ஆனால் அவள் மட்டும் மாற்றிச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றாள் பிரிஸ்கில்லா. இந்தப் பக்கத்தில் மொய் என்பது திருப்பிச் செய்தே ஆக வேண்டியது, செய்யாதவர்களை விட்டுவைக்கமாட்டார்கள் என்று ஊர்க்காரர் ஒருவராவது வந்து சொன்னால் வழக்கு நிற்கும்.

பாலம்மாள் வீடு வீடாகப் போனாள். அந்தச் சடங்கில் இலை போட்டுச் சாப்பிட்டது முந்நூறு பேர். மொய் வாங்கித் திருப்பாதவன் வீட்டு வாசலில் போய்க் கத்தியிருக்கிறவர்கள் அதில் பாதிப் பேர். ஒருவரும் வரவில்லை. மாடத்தி மட்டும் ஒளிக்காமல் சொன்னாள்:

“நான் போயி மொய்ங்கிறது கடன்னு கோர்ட்டுல சொல்லிட்டா, தையில எம் மவன் கல்யாணத்துக்கு எவன் மதினி எழுதுவான்? ஊருக்குள்ள எனக்கு வரவேண்டியது நாலு லட்சம் வெளிய கெடக்கு.”

அந்த மனு தள்ளுபடியானது. நவம்பர் 24 அன்று சமுத்திரம் விடுதலையானான். கொடுக்கப்பட்டது உறவினரின் அன்பளிப்பு, முன்பணம் நிரூபிக்கப்படவில்லை, பெண் விருப்பத்தோடு வேலைக்குச் சென்றிருக்கிறாள் என்றது தீர்ப்பு. 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில், வழக்கத்தாலோ சமூகக் கடமையாலோ கட்டிப்போட்டாலும் அது கொத்தடிமைதான் என்று எழுதியிருக்கிறது. கொத்தடிமைக் கடன் என்று புகார் எழுந்தால், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கொடுத்தவன் தலையில் என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கங்களை யாரும் புரட்டவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிரிஸ்கில்லா எழுதிக் கேட்டாள். அரசு போகவில்லை.

2024 ஏப்ரலில், நான்கு வருடத்துக்குப் பிறகு, பாலம்மாள் வீட்டு வாசலில் முதல் பத்திரிகை வந்தது. கொண்டுவந்தவன் சமுத்திரம். தட்டில் பழம், வெற்றிலை எல்லாம் முறையாக இருந்தது.

“தங்கச்சி, மூத்தவனுக்கு வைகாசியில கல்யாணம். நடந்ததை எல்லாம் மனசுல வைக்காத. நானும் வைக்கலை. அன்பளிப்புன்னு கோர்ட்டே சொல்லிட்டு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாலு பேரு பாப்பாவ.”

அவன் தெருமுனை திரும்பும்வரை கார்த்திகா பொறுத்தாள். “கடன் இல்லைன்னுதானே அவனை விட்டாங்க? பொறவு எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்?”

“கொடுத்திருவோம்டி. கொடுத்துட்டாத்தான் அறும். இல்லைன்னா உன்னைப் பொண்ணு கேட்டு வாரவன்கிட்ட எல்லாம் அவன் இதையே சொல்லிக்கிட்டுத் திரிவான்.”

“எம் பேருல கெடக்கிற இருபதாயிரத்தைத் தொட்டா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்.”

பாலம்மாள் தொடவில்லை. மகளிர் குழுவில் வாரத் தவணைக்குக் கடன் எடுத்தாள். வரவேண்டிய இரண்டு லட்சத்தைக் கேட்டுப் போட்ட மனு அலுவலகத்தில் இருந்தது. வழக்கில் தோற்றாலும், சான்று கொடுத்த அரசாங்கம் கைவிடாது என்று நம்பினாள். வந்ததும் குழுக்கடனை அடைத்துவிடலாம். மிச்சத்தில் கார்த்திகா கம்ப்யூட்டர் படிக்கலாம்.

மே 26 அன்று கல்யாண மண்டபத்தில் மைக் முழங்கியது: “மம்சாபுரம் பாலம்மாள், ஐம்பதாயிரத்து ஒண்ணு!” வழக்கில் வாய் திறக்காத அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மாடத்தி அவள் தோளைத் தட்டி, “இப்பத்தான் மதினி நீ மனுசி. அடைச்சிட்ட பாத்தியா, சாப்பிட வா” என்றாள். மொய் கடன் என்பதற்கு அந்த மண்டபத்தில் அன்றைக்கு நானூறு சாட்சி இருந்தது. பாலம்மாள் சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தவணைக்காரர் வாராவாரம் வியாழக்கிழமை காலையில் வந்தார். தறிக்கூடத்தில் அவள் கூடுதலாக ஒரு நேரம் வேலை பார்த்தாள். தபால்காரர் தெருவில் திரும்பினால் எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் வந்தது. கார்த்திகாதான் பிரித்து வாசித்தாள். எதிரி விடுதலை செய்யப்பட்டுவிட்டதால் மீதி மறுவாழ்வுத் தொகை வழங்க விதிகளில் இடமில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.

“இன்னொரு மனு எழுதிப் போடுவோமா?” என்றாள் பாலம்மாள்.

“இதுவே இறுதிப் பதில், இது தொடர்பாக இனி எந்த மனுவும் ஏற்கப்படாதுன்னு கீழ போட்டிருக்கு.”

பாலம்மாள் கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டித் தானும் ஒரு தடவை வாசித்தாள். பிறகு, வெளியே தவணைக்காரருக்குப் பதில் சொல்ல எழுந்து போனாள்.

அந்தக் கடிதம் வந்தது 2024 ஜூன் 20, வியாழக்கிழமை.